அண்ணன் எதனால் செத்தான்

எனக்குக் குடலிறக்கம் என்று சொன்ன டாக்டர், அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தம் பார்த்துவிடலாம் என்றார். முகப்பேரில் நாங்கள் குடியிருக்கிற கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. தண்ணீர் கேனை மூன்றாம் மாடிக்கு நானே தூக்கிப் போவேன் என்று பிடிவாதம் பிடித்ததில் கிடைத்த பதக்கம்தான் அந்தக் குடலிறக்கம். ஐம்பதைத் தாண்டியவன் வீரம் காட்டினால் பதக்கத்தை நெஞ்சில் குத்தமாட்டார்கள், அடிவயிற்றில்தான் குத்துவார்கள்.

பரிசோதனை முடிவுகளைப் படிப்பதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. எங்கள் குடும்பத்தில் யார் ரத்தம் கொடுத்தாலும் தாள் என்னிடம்தான் வரும். நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஒரு கம்பெனியில் உதிரிபாகம் வாங்கும் பிரிவில் வேலை, மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை. ஆனால் புத்தகம் படிக்கிறவன் எதைக் கொடுத்தாலும் படித்துவிடுவான் என்பது என் சொந்தக்காரர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் கெடுத்ததில்லை. எண்கள் தடித்த எழுத்தில் இருந்தால் உதட்டைப் பிதுக்குவேன். இல்லாவிட்டால் "ஒண்ணுமில்ல, தண்ணி நிறைய குடிங்க" என்பேன். இந்த முறையில் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

என்னுடைய முடிவு கைப்பேசியில் வந்தது. சர்க்கரை சரி, உப்பு சரி. கடைசியில் ஒரு வரி: ஹெபடைட்டிஸ் பி சர்ஃபேஸ் ஆன்டிஜன், ரியாக்டிவ். தடித்த எழுத்து.

மனைவி எட்டிப் பார்த்தாள். "நீங்களா? ரியாக்டிவா? சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு சொன்னா அரை மணி நேரம் கழிச்சுத்தானே திரும்பிப் பாப்பீங்க?"

ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு கல்லீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். என் மகளைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். பேச ஆரம்பித்ததும் நான் கை கட்டிக்கொண்டேன்.

"சார், இதுல பாசிட்டிவ்னா கெட்டது, நெகட்டிவ்னா நல்லதுன்னு மொத்தமா எடுத்துக்காதீங்க. எந்த வரியில பாசிட்டிவ்ங்கறதுதான் விஷயம்" என்று ஆரம்பித்து, வரி வரியாகச் சொன்னார்.

அவர் சொன்னதை நான் வாடகை வீட்டு வழியில் புரிந்துகொண்டேன். பாதி ஆயுளை வாடகை வீட்டில் கழித்தவனுக்கு வேறு உவமை வராது. சர்ஃபேஸ் ஆன்டிஜன் என்பது அந்தக் கிருமியின் மேல்சட்டை. வாசல் கொடியில் சட்டை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். சர்ஃபேஸ் ஆன்டிபாடி என்பது வாட்ச்மேன். அவர் நின்றால் அந்த ஆள் உள்ளே வர முடியாது. மூன்றாவது, கோர் ஆன்டிபாடி. இது சுவரில் விழுந்த ஆணித் துளை. ஆள் எப்போதாவது குடியிருந்தால்தான் விழும். காலி செய்துகொண்டு போன பிறகும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு வாட்ச்மேன் மட்டும் இருப்பார். சுவர் சுத்தமாக இருக்கும்.

என் வீட்டில் சட்டை தொங்கியது, துளைகள் இருந்தன, வாட்ச்மேன் இல்லை. துளை புதுசா பழசா என்றும் பார்க்கலாமாம். ஐஜிஎம் என்று ஒன்று. புதிதாக வந்திருந்தால் பொதுவாக அது தெரியும். எனக்கு இல்லை. "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு தடவை பார்த்து உறுதி பண்ணிக்கலாம். ஆனா இது ரொம்பப் பழசுன்னுதான் தோணுது" என்றார் டாக்டர். ரத்தத்தில் கிருமியின் அளவு அதிகமாக இருந்தது. கல்லீரல் லேசாக இறுக ஆரம்பித்திருந்தது. தினம் ஒரு மாத்திரை, தன்னைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்றார். குடலிறக்கம் ஓரமாக உட்கார வைக்கப்பட்டது.

மனைவிக்கும் மகளுக்கும் பார்த்தோம். மகளுக்கு வாட்ச்மேன் மட்டும். குழந்தையில் போட்ட ஊசி. மனைவிக்கு வாட்ச்மேனும் இருந்தார், ஆணித் துளைகளும் இருந்தன, சட்டை இல்லை. என்னிடமிருந்து போயிருக்கலாம், அவள் உடம்பே அதை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டது என்றார் டாக்டர்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நீங்க எனக்குக் குடுத்ததுல, நான் திருப்பி அனுப்ப முடிஞ்சது இது ஒண்ணுதான்" என்றாள் மனைவி.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் மேடம் போகல?" என்று கேட்டேன்.

"பெரியவங்க ஆனப்புறம் வந்தா பெரும்பாலும் உடம்பே விரட்டிடும் சார். பிறக்கறப்பவோ, கைக்குழந்தையா இருக்கறப்பவோ வந்தா அப்படியே தங்கிடும்." அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கூடப் பிறந்தவங்க யாருக்காவது கல்லீரல் பிரச்சினை இருந்துதா?"

"அண்ணன் ஒருத்தன் இருந்தான். கல்லீரல்லதான் செத்தான். ஆனா அது குடி மேடம்."

"எவ்வளவு குடிப்பார்?"

பதில் சொல்ல வாய் திறந்தேன். அண்ணன் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத்தில் வேலை பார்த்தவன். ஆயுத பூஜை அன்று பட்டறை ஆட்களோடு குடிப்பான். போனஸ் வாங்கினால் குடிப்பான். யாராவது கல்யாணத்தில் இழுத்துக்கொண்டு போனால் குடிப்பான். அவ்வளவுதான். எண்ணிப் பார்த்தால் ஒரு வருடத்துக்கு ஒரு கை விரல்களே மிஞ்சின.

அவன் செத்தது இப்படித்தான். கண் மஞ்சளானது. காமாலை என்று கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார்கள், உப்பில்லாமல் சோறு போட்டார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியதும் வேலைக்குப் போனான். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் ரத்தமாக வாந்தி எடுத்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது யாரோ, "குடிப்பாரா?" என்று கேட்டார்கள். அண்ணி, "எப்பவாச்சும்" என்றார். அந்தப் பதில் வார்டிலிருந்து மண்ணூர்பேட்டையில் எங்கள் பழைய தெருவுக்கு வந்து சேர்வதற்குள் 'எப்பவாச்சும்' வழியில் எங்கோ விழுந்துவிட்டது. குடி மட்டும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது.

"அவரோட ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?" என்றார் டாக்டர்.

இல்லை. செத்தவன் படுத்த பாயையும் தலையணையையும் சாவு எடுக்கும்போது வீசிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தலையணைக்குப் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிப் பையையும் சேர்த்து வீசிவிட்டார்கள். அன்றைக்கு யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆளே போன பிறகு எக்ஸ்ரே எதற்கு?

"அப்ப உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா இதே வியாதியா இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கு" என்றவர், அடுத்ததாக, "அம்மா இருக்காங்களா?" என்றார்.

இருந்தாள். அதுவும் அண்ணியோடு இருந்தாள்.

அதைச் சொல்ல வேண்டும். அண்ணன் போன பிறகு, மூன்று மாடி ஏற முடியாது என்று அம்மா என் வீட்டுக்கு வரவில்லை. மண்ணூர்பேட்டையிலேயே, அண்ணியோடும் அண்ணன் மகளோடும் தங்கிவிட்டாள். அண்ணி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்து அம்மாவுக்கும் சேர்த்துச் சமைத்தார். அம்மா சாப்பிட்டுவிட்டு, தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ரெண்டு மூணு தரம், ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்:

"நீ மட்டும் ஒரு வார்த்த தட்டிக் கேட்டிருந்தீன்னா எம்புள்ள இந்நேரம் உக்காந்துகினு இருப்பான்."

இத்தனை வருடமாக அதே வாக்கியம். ஒரு சொல் கூட்டாமல், குறைக்காமல். எழுதுகிறவன் என்ற முறையில் அந்த உறுதி எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கேட்கிறவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பது வேறு.

டாக்டர் சொன்னதை முதலில் அண்ணியிடம்தான் சொன்னேன். ஷிஃப்ட் முடிந்து வரும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தேன். சாப்பாட்டுப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார். சட்டை, ஆணி, வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிலெல்லாம் மனம் வைக்கவில்லை.

"அப்போ அவுரு குட்ச்சி சாவல."

"உறுதியா சொல்ல முடியாதுன்றாங்க அண்ணி. வாய்ப்பு அதிகம்."

"அத்த வுடு. குட்ச்சி சாவலன்னு ஒரு டாக்டரு சொல்லிச்சா இல்லியா?"

"ஏறக்குறைய."

"இத்த அப்டியே உங்கம்மாகிட்ட வந்து சொல்லு தம்பி. இன்னிக்கே வா. நான் வேற ஒண்ணியும் கேக்கல."

"சொன்னா, அது எங்கருந்து வந்துச்சின்னு அம்மா கேக்கும் அண்ணி."

அண்ணி என்னைப் பார்த்தார். எங்கள் பஸ் ஒன்று வந்து நின்று போனது, நாங்கள் ஏறவில்லை.

"அதுகிட்டருந்தா?"

"தெரியல. அந்தக் காலத்துல சரியா சுத்தம் பண்ணாத ஊசியா இருக்கலாம், சவரக் கத்தியா இருக்கலாம். அம்மாவுக்கு ரத்தம் பாத்தா ஓரளவுக்குத் தெரியும். ஆணித் துளையே இல்லன்னா அம்மாகிட்டருந்து வர்ல. சட்டை தொங்கினா..."

"நிறுத்து. புர்ஞ்சிச்சி."

சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அண்ணி வீட்டுப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். அவர் கேட்டது தன் பெயர் சுத்தமாக வேண்டும் என்ற ஒன்றுதான். அதைக் கொடுக்கக்கூடிய அதே வாய், அம்மாவிடம் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

அம்மாவுக்குப் பரிசோதனை செய்யாமல் விடலாமா என்று டாக்டரிடமே கேட்டேன். இருந்தால் அம்மாவையும் கண்காணிக்க வேண்டும், யாருடைய நிம்மதிக்காகவும் தள்ளிப்போடக் கூடாது என்றார். அம்மா எந்தத் தகராறும் பண்ணவில்லை. கல்லீரல் பரிசோதனை, குடும்பத்தில் எல்லாரும் கொடுக்கிறோம் என்றதும், "எல்லாரும் குடுக்கிறப்போ நான் மட்டும் இன்னா மட்டமா?" என்று கையை நீட்டினாள். அண்ணியும் அவர் மகளும் கொடுத்தார்கள். அண்ணிக்கு ஒன்றுமே இல்லை. சட்டை, துளை, வாட்ச்மேன் எதுவும் இல்லாத காலி வீடு. ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அண்ணன் மகளுக்கு ஏற்கனவே போட்டிருந்தது.

அம்மாவுக்குச் சட்டை தொங்கியது.

ஆனால் கிருமியின் அளவு மிகக் குறைவு. கல்லீரல் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எழுபது வருடத்துக்கு மேல் குடியிருக்கிற ஆள், அம்மா வீட்டில் ஒரு சாமானைக்கூட உடைக்கவில்லை. அண்ணன் வீட்டில் மட்டும் கூரையை இடித்துவிட்டுப் போயிருக்கிறான். சிலருக்கு அப்படி, சிலருக்கு இப்படி, ஏன் என்று எல்லாம் சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். நான் படித்த புத்தகங்களும் அதையே கொஞ்சம் நீளமாகச் சொல்கின்றன.

முடிவை அண்ணியிடம் சொன்னேன். "நீ ஒண்ணியும் சொல்லாத. மாத்திர மருந்துன்னா நான் பாத்துக்கிறேன். இத்தினி வருசம் கேட்டேன், இன்னும் கொஞ்சம் கேட்டுட்டுப் போறேன்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கஷ்டமான வேலையை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் எனக்கு வருகிற நிம்மதிக்கு அளவே கிடையாது.

அது அண்ணனின் நினைவு நாள்வரை தாங்கியது.

நினைவு நாளுக்கு எங்கள் வீட்டில் படையல் போடுவோம். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்துப் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். அண்ணனுக்குப் பிடித்தது கருவாட்டுக் குழம்பும் மசால் வடையும். ஆனால் குடித்துச் செத்தவன் என்று முடிவான பிறகு, அம்மாவின் உத்தரவுப்படி வருடா வருடம் இலை ஓரத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டிலும் வைக்கப்பட்டது. "உசுர குடுத்துக் குட்ச்சான். ஒரு நாளு கூட வெக்கலன்னா அவன் மனசு அலையும்" என்பாள். பாட்டிலை வாங்கி வருவது மாமா, அம்மாவின் தம்பி. படையல் முடிந்ததும் அதை வீணாக்காமல் எடுத்துப் போகிறவரும் அவரே. எங்கள் குடும்பத்தில் குடிகாரர் என்று எந்தச் சபையிலும் சந்தேகமில்லாமல் நிரூபிக்கக்கூடிய ஒரே ஆள், எழுபதுக்குப் பக்கத்தில், திடகாத்திரமாக, மருமகன் குடித்துச் செத்ததற்காக வருடம் ஒருமுறை கண்ணீர் விட்டுவந்தார்.

இந்த வருடமும் மடியிலிருந்து எடுத்து வைத்தார். அண்ணி அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"இது வோணாம் மாமா."

"இன்னாமே புதுசா?" என்றாள் அம்மா.

"வோணாம் அத்தே. அவுருக்கு வடை வெச்சிருக்கேன். போதும்."

"உயிரோட இருக்கசொல்ல தடுக்கத் துப்பில்ல. இப்போ படத்துக்கு முன்னால தடுக்கிறியா? அன்னிக்கே நீ மட்டும் ஒரு வார்த்த தட்டிக் கேட்டிருந்தீன்னா..."

வாக்கியம் முடியவில்லை. அண்ணி நடுவில் புகுந்துவிட்டார்.

"அவுரு குட்ச்சி சாவல! உன் ரத்தத்துல கீதே ஒண்ணு, அதான் அவுருக்கும். அதான் தோ நிக்கிறாரே, இவருக்கும். கேளு உம்புள்ளைய! பட்ச்சவருதானே? கேளு!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா பாட்டிலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கற்பூரத்தட்டு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைப்பதா, ஏற்றுவதா என்று தெரியவில்லை.

"இன்னா நைனா சொல்லுது அது?" என்றாள் அம்மா.

"அப்படித்தாம்மா இருக்கும்னு டாக்டர் சொல்றாங்க. உறுதியா இல்ல."

"எனக்குக் கீதா?"

"இருக்கும்மா."

"அப்போ நான்தானே செத்திருக்கணும்? கல்லு மாதிரி கீறேன். போங்கடா, நீங்களும் உங்க டாக்டரும். குட்ச்சிதான் செத்தான்" என்று அம்மா இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். "ஏத்து கற்பூரத்த."

ஏற்றினேன். பாட்டில் இல்லாமலே படையல் முடிந்தது. அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மாமா யாரிடமும் சொல்லாமல் போனார். அம்மா நம்பவில்லை என்றுதான் நானும் நினைத்தேன். குடி என்பது வெளியிலிருந்து வந்தது, யார் மேலாவது போட்டுவிடலாம். ரத்தத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவாள்?

அடுத்த மாதம் டாக்டரிடம் அழைத்துப் போனேன். மருந்து இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் ஸ்கேனும் பார்த்தால் போதும் என்றார். எழுந்திருக்கும்போது அம்மா கேட்டாள்:

"பால்ல பூட்ச்சாம்மா?"

டாக்டருக்குப் புரிய ஒரு நொடி ஆனது. "இல்லம்மா. பால்ல இல்ல. பிறக்கறப்ப ரத்தத்து மூலமா போயிருக்கலாம். அப்ப யாருக்கும் தெரியாது, தடுக்கறதுக்கு ஊசியும் கிடையாது. உங்களுக்கே உங்க அம்மாகிட்டருந்து வந்திருக்கலாம். இது யார் தப்பும் இல்ல. வீட்ல ஒண்ணா சாப்பிடலாம், ஒரே தட்டு, ஒரே டம்ளர், எதுலயும் பரவாது."

அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது அண்ணி வாசலிலேயே என்னை நிறுத்தினார்.

"தம்பி, நீ கொஞ்சம் சொல்லேன். தனியா ஒரு தட்டு வெச்சிகினு கீது. அதுவே கழுவுது, அதுவே கவுத்து வெக்குது. எம்பொண்ணு பாப்பாக்கு ராத்திரில ஒரு உருண்ட பெசஞ்சி குடுக்குமே, வேலைக்குப் போற பொண்ணுக்கு ஊட்டி வுடாதன்னு நான்கூட கத்துவேனே, அத்தயும் நிறுத்திடுச்சி. அவ ஆசையா வாயத் தொறந்துகினு போனா, தள்ளிப் போன்னுது."

"டாக்டர் நல்லா சொன்னாங்களே அண்ணி, தட்டுல பரவாதுன்னு."

"நானும் சொல்லிட்டேன். பாப்பாவும் போன்ல படம் போட்டுக் காமிச்சிட்டா. தலைய ஆட்டுது, திருப்பியும் தனித் தட்டு." முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "என்னிய ஒண்ணும் சொல்றதில்ல தம்பி. ஒரு வார்த்த. படையல் அன்னிக்கி சொன்னதுதான் கடசி. நான் இன்னாத்துக்கு வாயத் தொறந்தேன்னு கீது. அது பாட்டுக்கு திட்டிகினு இருந்துச்சி, நான் பாட்டுக்கு கேட்டுகினு இருந்தேன். ஊடுன்னு இருந்துச்சி. நீ போயி ஏதாச்சும் கிளப்பி வுடு. என்னியத் திட்டச் சொல்லு. ஒரு தபா திட்டிச்சின்னா போதும்."

சிரிக்க வைக்கக் கட்டுரை எழுதுகிறவன் நான். திட்ட வைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை.

அம்மா பின்பக்கம், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மடியில் எவர்சில்வர் தட்டு. நான் எதிரில் குந்தினேன். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் எடுக்கக் கை நீட்டினேன். தட்டை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குழம்பு வாசனையே வர்லியேம்மா" என்று ஆரம்பித்தேன். "பார்த்தாலே தண்ணி மாதிரி கீது. அண்ணி இன்னா இப்படி சமைக்குது? உனக்கு வாய்க்கு ருசியா ஒண்ணு செய்யத் தெரியாதா அதுக்கு? நீ ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

அடுக்களை ஜன்னலுக்கு உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

முன்பென்றால் இதில் பாதிக்கே அம்மா எழுந்து நின்றிருப்பாள். மருமகள் வைத்த குழம்பில் ஆரம்பித்து மகன் செத்த நாளில் போய் முடித்திருப்பாள். இப்போது விரலில் ஒட்டியிருந்த சோற்றை வழித்து வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "அது எப்பவும் நல்லாத்தான் செய்யும்."

ஜன்னல் பக்கம் நான் பார்க்கவில்லை. அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு கல்லோரமாக இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். அவளிடமிருந்து எனக்கு வர வேண்டியது நான் பிறந்த அன்றைக்கே வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இடது கையால் காற்றை விலக்குவதுபோல் செய்து, "தள்ளி உக்காரு நைனா" என்றாள்.